ஒத்தக்கடை பக்கம் ஓர் ஏக்கர் நஞ்சை: விற்கவா, கல் ஊன்றவா, பூ வைக்கவா?

யானைமலைக்குக் கீழே ஓர் ஏக்கர் வயல் வைத்திருந்தால் போதும், வாரம் ஒரு புரோக்கராவது வாசலில் வந்து நிற்பார். "செண்ட் என்ன சொல்றீங்க?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. என்னிடம் யோசனை கேட்டு வருபவர்களிடம் நான் கேட்பது வேறு: உங்க வயல் எந்த மடையில இருக்கு? வாய்க்காலின் தொடக்கத்தில் இருப்பது தலைமடை, கடைசியில் இருப்பது கடைமடை.

பேரணை முதல் கள்ளந்திரி வரை பெரியாறு கால்வாயில் 45,041 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே மேலூர் பக்கம் 85,563 ஏக்கர் ஒருபோகம். ஏட்டில் எல்லாமே பாசன நிலம்தான். ஆனால் மேலே இருப்பவர் வயலை மூடிச் செம்மண் அடித்து, மனை பிரித்துக் கல் ஊன்றிவிட்டால், அவர் வரப்போரம் ஓடிய வாய்க்கால் ரோட்டுக்கடியில் போய்விடும். குழாய் பதித்துத் தருகிறோம் என்பார்கள். இரண்டு மழைக்கு அது தாங்கும்; பிறகு மண் அடைத்துக்கொள்ளும். கடைமடைக்காரர் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாமலே நெல்லை விட்டிருப்பார்.

மொத்தமாக விற்பதில் தலைவலி குறைவு. ஆனால் வரியைப் பார்க்க வேண்டும். மதுரை போன்ற 10 லட்சம் பேருக்கு மேல் உள்ள ஊரில், மாநகராட்சி எல்லையிலிருந்து நேர்க்கோட்டில் 8 கி.மீ.க்குள் இருக்கும் விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. ஒத்தக்கடை அந்த வளையத்துக்குள்தான் வருகிறது. "விவசாய நிலத்துக்கு ஏதுங்க வரி" என்று சொல்லும் புரோக்கரை நம்ப வேண்டாம்.

சொந்தமாகப் பிளாட் போட்டால் லாபம் அதிகம் என்பது பாதி உண்மை. 100 செண்டில் ரோட்டுக்கே கால் பங்குக்கு மேல் போய்விடும். அதைத் தானமாக எழுதியும் கொடுக்க வேண்டும். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். 3,000-ஐத் தாண்டுவதால் மிச்சத்தில் 10 விழுக்காட்டைப் பொது இடமாக விடவேண்டும், இல்லையென்றால் அதற்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்ட வேண்டும். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதோடு, கல்லை ஊன்றி மறுநாளே விற்ற காலம் முடிந்தது. கையில் காசும் அலையப் பொறுமையும் இல்லாதவருக்கு இது ஆகாது.

மனை போட்டு விற்பவரிடம் நிலத்தைப் பங்குக்குக் கொடுப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. என் தாய்மாமா அப்படி ஒரு ஆளுக்கு, தன் சார்பில் விற்கும் அதிகாரத்தைப் பவர் எழுதிக் கொடுத்தார். ரோட்டோர மனைகள் ஆறு மாதத்தில் போயின. மாமாவின் பங்காக வந்தவை பின்வரிசை மனைகள். இன்றும் அங்கே கருவேலம்தான் நிற்கிறது. கொடுத்தே ஆகவேண்டும் என்றால், எந்த மனை யாருக்கு என்று எண் போட்டு முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

விவசாயத்திலேயே நிற்பது என்றால் எந்த விவசாயம்? வாய்க்கால் செத்த இடத்தில் நெல்லைக் கட்டி அழுவது வீண். செம்மண்ணும் கிணற்றில் கொஞ்சம் தண்ணீரும் இருந்தால் மல்லிகை வைக்கலாம், சொட்டுநீர் போதும். ஒரு முறை நட்டால் பத்து வருடமாவது பூக்கும். மதுரை மல்லிக்கு 2013-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை ஒரு சீராக இருக்காது. மார்கழிப் பனியில் கிலோ ஆயிரத்தைத் தாண்டும்போது செடியில் பூ இருக்காது. பூ கொட்டும் கோடையில் விலை படுத்துவிடும். விடியுமுன் மொட்டுப் பறிக்க ஆள் கிடைப்பது அதைவிடப் பெரிய பாடு. வீட்டில் நாலு கை இருப்பவருக்குத்தான் இது கட்டும். தென்னைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம், வரும்படியும் அவ்வளவு இல்லை.

ஆக, கடைமடையில் கிணறும் வற்றியிருந்தால் மொத்தமாக விற்றுவிடலாம், அதில் வெட்கமில்லை. தண்ணீர் இன்னும் ஏறிப் பாயும் தலைமடையை விற்பதானால், புரோக்கருக்கு முன்னால் கீழே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். வாய்க்காலுக்கு இடம் விட்டு வரைபடம் போடச் சொல்லிக் கேட்க அப்போதுதான் அவர்களுக்கு வழி இருக்கும்.

எங்கள் வாய்க்காலில் பதினோரு வயல். மூன்றாவது வயல்காரர் இப்போது விலை பேசிக்கொண்டிருக்கிறார். எங்களுடையது எட்டாவது.