டிரைவர் கோடை எந்த ஃபோல்டர்ல போடுறது? பஸ்ஸா, வேலையா, கம்பெனியா, சிப்பா

யுஎஸ்பியில சொருகுற லேன் அடாப்டர் ஒண்ணை எடுத்துக்கோங்க, உள்ள இருக்கிறது ஏசிக்ஸ் கம்பெனியோட சிப். இதோட டிரைவர் (அந்த சிப்பை ஓட்டுற கோட்) யுஎஸ்பி ஃபோல்டர்ல இருக்கணுமா, நெட்வொர்க் ஃபோல்டர்ல இருக்கணுமா? லினக்ஸ்ல டிரைவர்ஸ்/நெட்/யுஎஸ்பி-ல கிடைக்கும். லினக்ஸ் மாதிரியே இன்னொரு ஓஎஸ்ஸான ஃப்ரீபிஎஸ்டியில அப்படியே தலைகீழ், சிஸ்/டெவ்/யுஎஸ்பி/நெட். அதோட சொந்தக்கார ஓஎஸ் நெட்பிஎஸ்டியில சிஸ்/டெவ்/யுஎஸ்பி-லயே மத்த யுஎஸ்பி டிரைவரோட கலந்து கிடக்கும். மூணுமே நல்லாத்தான் ஓடுது, யூசருக்கு ஒண்ணும் தெரியப்போறதில்ல. தலைவலியெல்லாம் அந்த கோடை வருஷக்கணக்கா வச்சு மேய்க்கிறவங்களுக்குத்தான்.

முதல்ல பஸ்வாரியா, அதாவது டிவைஸ் கம்ப்யூட்டரோட இணையுற வழியை வச்சு பிரிக்கிறது. பிசிஐ-க்கு ஒரு ஃபோல்டர், யுஎஸ்பிக்கு ஒண்ணு, ஐஎஸ்ஏ-க்கு ஒண்ணு. பாக்க ரொம்ப லாஜிக்கா இருக்கும், ஏன்னா கெர்னல் (ஓஎஸ்ஸோட மையப்பகுதி) ஒரு டிவைஸைக் கண்டுபிடிக்கிறதே பஸ் வழியாத்தான, எந்தெந்த டிவைஸுக்குன்னு சொல்ற ஐடி டேபிள் பஸ்ஸுக்கு பஸ் வேற, டிவைஸ் கிடைச்சதும் ஓடுற ப்ரோப் ஃபங்ஷனும் வேற. பஸ் பக்கத்து ஏபிஐ (டிரைவர் கூப்பிடுற ஃபங்ஷன்கள்) ஒட்டுமொத்தமா மாறுறப்போ இந்த அமைப்பு கைகொடுக்கும். 2009-ல ஃப்ரீபிஎஸ்டி 8.0 வந்தப்போ யுஎஸ்பி ஸ்டாக்கையே புதுசா எழுதி உள்ள கொண்டுவந்தாங்க, யுஎஸ்பி டிரைவர் எல்லாம் மாறியாகணும், ஒரே மரத்துக்கடியில இருந்தா அந்த வேலை கொஞ்சம் சுலபம்.

ஆனா ஒரு பிசிஐ ஈதர்நெட் டிரைவரைத் திறந்து பாருங்க. பஸ் சம்பந்தமான வேலை ப்ரோப்லயே கிட்டத்தட்ட முடிஞ்சிடும், டிவைஸை எனேபிள் பண்ணு, பிஏஆர்-ஐ (கார்டோட மெமரி முகவரி) மேப் பண்ணு, டிஎம்ஏ (கார்டே நேரா மெமரியைத் தொடுறது) மாஸ்க் வை, இன்டரப்ட் வாங்கு, அவ்ளோதான். மிச்சம் மொத்தமும் நெட்வொர்க் லேயரோட பேசுறதுதான், பாக்கெட் வாங்குறது, க்யூவை நிறுத்துறது, லிங்க் விழுந்துடுச்சுன்னு சொல்றது. லினக்ஸ் 2.6.29-ல நெட்வொர்க் டிவைஸோட ஃபங்ஷன் பாயிண்டர்களையெல்லாம் தனி ஆப்ஸ் (ஆபரேஷன்ஸ்) ஸ்ட்ரக்சருக்கு மாத்த ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் ஒவ்வொரு நெட்வொர்க் டிரைவரா தொட்டு மாத்த வேண்டி வந்துச்சு, பஸ் எதுவா இருந்தா என்ன. அதெல்லாம் நெட் ஃபோல்டர்ல ஒரே இடத்துல இருந்ததால தேடி அலைய வேண்டியதில்ல. லினக்ஸ்ல உள்ள இருக்கிற ஏபிஐ நிலையா இருக்கும்னு யாரும் சத்தியம் பண்றதில்ல, அப்போ எந்தெந்த ஃபைல் சேந்து மாறும்ங்கிறதுதான் முக்கியக் கேள்வி, என்னைக் கேட்டா அதுதான் ஒரே கேள்வி.

சரி, அப்போ இப்படி வேலைவாரியா, அதாவது டிவைஸ் செய்யுற வேலையை வச்சு பிரிக்கிற லினக்ஸ்ல யுஎஸ்பி-சீரியல் கேபிள் டிரைவர் மட்டும் ஏன் டிடிஒய் (டெர்மினல், சீரியல் போர்ட்டைக் கவனிக்கிற லேயர்) பக்கம் போகாம டிரைவர்ஸ்/யுஎஸ்பி/சீரியல்-ல உக்காந்திருக்குன்னு கேப்பீங்க. இது விதிவிலக்கு மாதிரி தெரியும், ஆனா இல்ல. பிஎல்2303-ங்கிற கேபிள் சிப்போட டிரைவர் நேரா டிடிஒய் லேயர்ல போய் பதிவு பண்ணிக்கிறதில்ல, யுஎஸ்பி-சீரியல்னு நடுவுல ஒரு கோர் இருக்கு, அதுகிட்டதான் பண்ணுது. டிடிஒய் சமாச்சாரத்தையெல்லாம் அந்தக் கோர் பாத்துக்கும். ஆக ஒரு டிரைவர் யார்கிட்ட போய் ரெஜிஸ்டர் ஆகுதோ அவங்க வீட்டுலதான் அது இருக்கணும். வெப்கேம் வீடியோ லேயர்ல ரெஜிஸ்டர் ஆகுது, அதனால மீடியா ஃபோல்டருக்குள்ள யுஎஸ்பி/யுவிசி. இந்த ஒரு டெஸ்டை வச்சே முக்காவாசி சண்டையைத் தீர்த்துடலாம்.

வேலைவாரிப் பிரிப்புல அடி வாங்குறது ஒரே சிப்புக்குள்ள பல வேலை இருக்கறப்போதான். ஏஎக்ஸ்பி20எக்ஸ் வகை பவர் சிப் நல்ல உதாரணம். பஸ்ல பேசுற பொதுக் கோட் எம்எஃப்டி (பல வேலை பாக்குற சிப்புகளுக்கான) ஃபோல்டர்ல, வோல்டேஜ் பாக்குறது ரெகுலேட்டர்ல, பேட்டரி பவர்/சப்ளை-ல, ஏடிசி (வோல்டேஜை நம்பராக்குறது) சென்சார் வகையறாவுக்கான ஐஐஓ-க்குள்ள, பவர் பட்டன் இன்புட்/மிஸ்க்-ல, ஜிபிஐஓ (இஷ்டத்துக்கு பயன்படுத்திக்கிற) பின் பின்கன்ட்ரோல்ல. நகம் அளவு சிப்புக்கு ஆறு ஃபோல்டர்! அந்தக் குடும்பத்துல புதுசா ஒரு மாடல் சேக்கணும்னா பேட்ச் சீரிஸ் (கோட் மாத்தங்களோட தொகுப்பு) அஞ்சாறு மெயின்டெய்னர் (அந்தந்தப் பகுதிப் பொறுப்பாளர்) கைக்குப் போகும், ஒருத்தர் ஓகே சொன்னாலும் இன்னொருத்தர் மரத்துல (கோட் பிரதியில) எம்எஃப்டி பேட்ச் வந்து சேரணுமேன்னு காத்திருக்கணும். எழுதுறவனுக்கு எரிச்சல்தான், மறுக்கல. ஆனா ஒண்ணு, ரெகுலேட்டர் பாகத்தை ரெகுலேட்டர் தெரிஞ்சவர் பாக்குறார், பேட்டரி பாகத்தை பேட்டரி தெரிஞ்சவர் பாக்குறார். எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல கொட்டி வச்சா உருப்படியா படிக்க ஒருத்தரும் வரமாட்டாங்க. டிரைவர்ஸ்/மிஸ்க் எட்டிப் பாத்தா புரியும், வேற எங்கயும் ஒட்டாததெல்லாம் அங்கதான் வந்து சேருது.

அடுத்து கம்பெனி பேர்ல ஃபோல்டர். 3.2 வெர்ஷனுக்கு முன்னாடி லினக்ஸோட டிரைவர்ஸ்/நெட் ஒரு சந்தைக்கடை, ஈதர்நெட் டிரைவர் ஃபைல்கள்ல பெரும்பாலானது நேரா அதுக்குள்ளயே குவிஞ்சு கிடந்துச்சு. 2012 ஜனவரியில வந்த 3.2-ல ஈதர்நெட்னு ஒரு ஃபோல்டர் போட்டு இன்டெல், பிராட்காம்னு கம்பெனிவாரியா அடுக்குனாங்க. கெர்னல்ல எது வேணும்னு தேர்வு பண்ற கான்ஃபிக் மெனு சுத்தமாச்சு, இந்தக் கம்பெனி கார்டே வேணாம்னா ஒரே டிக்கை எடுத்தா போதும், அது நிஜமாவே நல்ல விஷயம். பிரச்சனை என்னன்னா கம்பெனி விக்கும், வாங்கும், பேர் மாறும். ஃப்ரீஸ்கேலை என்எக்ஸ்பி வாங்கியே பல வருஷமாச்சு, ஐ.எம்எக்ஸ் சிப்போட ஈதர்நெட் டிரைவர் இன்னமும் ஃப்ரீஸ்கேல் ஃபோல்டர்லதான். மெல்லனாக்ஸை 2020-ல என்விடியா வாங்குச்சு, ஃபோல்டர் பேர் மெல்லனாக்ஸேதான்.

அதைவிடக் கூத்து எஸ்டிஎம்மேக்-ங்கிற ஈதர்நெட் டிரைவர். வன்பொருள் டிசைன் சினாப்சிஸோடது, டிரைவர் இருக்கிற ஃபோல்டர் எஸ்டிமைக்ரோ, உள்ள போனா ராக்சிப், ஆல்வின்னர், இன்டெல்னு ஒவ்வொரு சிப் கம்பெனிக்கும் தனித்தனி ஃபைல். ஆல்வின்னர் போர்டுல ஈதர்நெட் வரலையேன்னு தேடுற புது ஆளுக்கு எஸ்டிமைக்ரோ ஃபோல்டரைத் திறக்கணும்னு எப்படித் தோணும்? ஆல்வின்னர் பேர்லயே பக்கத்துல இன்னொரு ஃபோல்டர் வேற இருக்கு, அதுல பழைய சிப்போட டிரைவர்.

இந்த இடத்துல நெட்பிஎஸ்டிக்காரங்களைப் பாராட்டித்தான் ஆகணும். சிப் தனி, அதை எந்த பஸ்ல மாட்டியிருக்குங்கிறது தனி. என்இ2000-ங்கிற பழைய நெட்வொர்க் கார்டோட மூளையான டிபி8390 சிப்போட கோட் சிஸ்/டெவ்/ஐசி-ல இருக்கும், ஐஎஸ்ஏ, பிசிஐ, பிசிஎம்சிஐஏ ஃபோல்டர் ஒவ்வொண்ணுலயும் மாட்டுறதுக்கு மட்டும் ஒரு குட்டி ஃபைல். என்இ2000-ஐ காப்பியடிச்சு கார்டு விட்ட கம்பெனிக்குக் கணக்கே இல்ல, அதனால கம்பெனி பேர் அங்க சுத்தமா அர்த்தமில்லாதது. லினக்ஸ்லயும் பாருங்க, கம்பெனிவாரியா அடுக்குன அதே ஈதர்நெட் ஃபோல்டருக்குள்ள 8390-னு சிப் நம்பர்லயே ஒரு ஃபோல்டர் வைக்க வேண்டியதாச்சு. ஐ2சி, எஸ்பிஐ-ங்கிற ரெண்டு பஸ்லயும் வர்ற சென்சாருக்கு லினக்ஸும் இதே வழிதான், பிஎம்பி280 பிரஷர் சென்சாருக்கு கோர் ஒரு ஃபைல், ஐ2சி ஒரு ஃபைல், எஸ்பிஐ ஒரு ஃபைல், ஆனா மூணும் ஒரே ஃபோல்டர்ல. எனக்கு இந்த லினக்ஸ் வடிவம்தான் பிடிக்கும், ஒரு பக் துரத்த ரெண்டு ஃபோல்டருக்கு நடுவுல தாவ வேண்டாம்.

போர்டுவாரியா டிரைவர் கோடை ஆர்ச் (ப்ராசசர் வகைவாரியான) ஃபோல்டருக்குள்ள வைக்கிறது பத்தி நீட்டி முழக்க ஒண்ணுமில்ல, அது தோத்துப்போன வழி. ஏஆர்எம் ப்ராசசர் பக்கம் அப்படிக் குவிஞ்சதைப் பாத்து 2011-ல லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸே கடுப்பாகித் திட்டினார், அப்புறம் டிவைஸ் ட்ரீ (போர்டுல என்னென்ன இருக்குன்னு சொல்ற ஃபைல்), பின்கன்ட்ரோல், பொது க்ளாக் ஃப்ரேம்வொர்க்னு வந்து அந்தக் கோட் டிரைவர்ஸ் பக்கம் நகர்ந்துச்சு.

புதுசா சின்ன கெர்னல் எழுதுறவங்க இதுல எதையும் அவசரமா காப்பியடிக்க வேணாம். டிரைவர் எண்ணிக்கை கம்மியா இருக்கறப்போ ஃப்ரீபிஎஸ்டி பாணியில டெவ்-க்குள்ள டிரைவருக்கு ஒரு ஃபோல்டர் போதும், வளந்ததும் வேலைவாரியா பிரிச்சுக்கலாம், கம்பெனி பேரை மட்டும் கடைசி வரைக்கும் தள்ளிப்போடுங்க. ரொம்ப லேட்டானாலும் வம்புதான். 32-பிட் ஏஆர்எம்-மோட டிவைஸ் ட்ரீ ஃபைல்கள் ஒரே ஃபோல்டர்ல மலையா குவிஞ்சப்புறம் 2023-ல லினக்ஸ் 6.5-லதான் கம்பெனிவாரியா பிரிச்சாங்க, கோட் மாத்தங்களைப் பதிவு பண்ற கிட் அந்த நகர்த்தலைப் புரிஞ்சுக்கிச்சு, பழைய பாத்தை நேரடியா எழுதி வச்சிருந்த பில்ட் ஸ்கிரிப்ட்டுக்குத்தான் புரியல, போர்டு போர்டா உக்காந்து மாத்த வேண்டியதாச்சு.