அம்மா பிளக்கை அணைக்கிற வீட்டில் இரண்டு கேம் பெட்டிகள்

போன வாரம் ஒரு கேம் கன்ட்ரோலரைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தேன். குச்சியைத் தொடாமலே திரையில் ஆள் இடது பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தான். டிரிஃப்ட். வீட்டில் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என்று இரண்டு கேம் பெட்டிகள் உண்டு; எதன் கன்ட்ரோலர் என்று சொல்லமாட்டேன். சொன்னால் ஒரு கட்சி கொண்டாடும், இன்னொரு கட்சி சண்டைக்கு வரும். உள்ளே இருப்பது இரண்டிலும் ஒரே சங்கதிதான். குச்சி எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதைக் கார்பன் தடத்தில் உரசி அளக்கும் சின்ன பாகம். உரச உரசத் தேய்கிறது. கடைக்காரர் அதைச் சூடு வைத்துக் கழற்றிப் புதிதாக ஒன்றை வைத்து 700 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அங்கே காத்திருந்தபோது கூட வந்த நண்பன் கேட்டான்: "மாப்ள, நீ ரெண்டும் வச்சிருக்க. ஒண்ணுதான் வாங்க முடியும்னா எதை வாங்கலாம்?"

எளிதான கேள்வி என்றுதான் நினைத்தேன். டீ ஆறிப்போகும்வரை பேசியும் பதில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது சோனியின் பிளேஸ்டேஷன் 5 (சுருக்கமாகப் பிஎஸ் 5, டிஸ்க் போடுகிற மாடல்), மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் (டிஸ்க் போட வழியே இல்லாத வெள்ளைப் பெட்டி). நாலு வருஷமாக இரண்டும் எங்கள் திருச்சி வீட்டு ஹாலில் ஒரே டிவிக்குக் கீழே இருக்கின்றன. முதலில் வந்தது பிஎஸ் 5. ஷோகேஸில் நிற்கவும் இல்லை, படுக்கவும் இல்லை. கடைசியில் டிவி ஸ்டாண்டின் ஓரத்தில் யாரோ விட்டுவிட்டுப் போன சூட்கேஸ் மாதிரி நிற்கிறது. சீரிஸ் எஸ் இரண்டு கிலோகூட இல்லை. செட்டாப் பாக்ஸ் பக்கத்தில் வைத்தால் கண்ணிலேயே படாது. எது எவ்வளவு வேகம் என்கிற கணக்குப் பக்கம் நான் போகவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. ராத்திரி படுக்கப் போகும் முன் அம்மா ஒரு சுற்று வருவார். கேஸ் சிலிண்டர், கொல்லைக் கதவு, அப்புறம் ஹாலில் இருக்கும் பிளக் ஸ்விட்ச் எல்லாம் டக் டக்கென்று அணையும். சிவப்போ ஆரஞ்சோ ஒரு சின்ன விளக்கு எரிந்தால் போதும், அது அவருக்குக் கரண்ட் பில்லாகத்தான் தெரியும்.

பிஎஸ் 5 ரெஸ்ட் மோடில் இருக்கும்போது எரிவது ஆரஞ்சு விளக்கு.

ரெஸ்ட் மோட் என்றால் ஆட்டத்தை நடுவில் நிறுத்திவிட்டுத் தூங்கலாம், காலையில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் அந்த 'விட்ட இடம்' நினைவகத்தில்தான் இருக்கிறது, கரண்ட் இருக்கும்வரைதான் உயிர். ஸ்விட்ச் அணைந்தால் போச்சு. அடுத்த முறை போடும்போது பெட்டி சரியாக அணைக்கப்படவில்லை என்று ஒரு அறிவுரை வேறு வரும். நான் எங்கே அணைத்தேன்?

எக்ஸ்பாக்ஸ் இதையே வேறு மாதிரி செய்கிறது. ஆட்டத்தை விட்டு வெளியே வந்தாலோ, பெட்டியை அணைத்தாலோ, ஆட்டம் நின்ற நிலையை அப்படியே எஸ்எஸ்டியில் (கரண்ட் போனாலும் அழியாத சேமிப்பு) எழுதி வைத்துவிடுகிறது. குயிக் ரெஸ்யூம் என்று பெயர். பிளக்கையே பிடுங்கி வேறு அறையில் மாட்டினாலும் பரவாயில்லை. ஒன்றல்ல, இரண்டு மூன்று ஆட்டங்களையாவது இப்படி வரிசையில் நிறுத்தி வைக்கலாம். ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் வலது மேல் மூலையில் அந்தப் பெயர் ஒரு நொடி மின்னும். அப்புறம் கத்தியை ஓங்கியவன் ஓங்கியபடியே நிற்பான்.

இதன் அருமை பெர்சோனா 5 ராயல் ஆடியபோதுதான் புரிந்தது. நூறு மணி நேரம் விழுங்குகிற ஆட்டம். எதிரியின் மாளிகைக்குள் நுழைந்துவிட்டால் நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது, பாதுகாப்பு அறை வரும்வரை போக வேண்டும். ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் முக்கால் மணி நேரம்கூட ஓடிவிடும். வேலைக்குப் போய்விட்டு ராத்திரி பத்தரைக்கு உட்காருகிறவனுக்கு அந்த முக்கால் மணி நேரம் என்றால் அன்றைய ஆட்டம் முழுக்க. 2022 அக்டோபரில் இந்த ஆட்டம் இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே நாளில் வந்தது. யோசிக்காமல் சீரிஸ் எஸ்ஸில் ஆடினேன். மூன்று மாதம் அம்மா தினமும் ஸ்விட்சை அணைத்தார். ஒரு நாள்கூட என் இடம் தொலையவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் எக்ஸ்பாக்ஸும் காப்பாற்றாது. எழுதி வைக்க அதற்கு அவகாசம் வேண்டும். காற்று கொஞ்சம் வேகமாக அடித்து, எதிர்வீட்டுத் தென்னை தலையை ஆட்ட ஆரம்பித்தால் நான் உடனே கன்ட்ரோலரின் நடு பட்டனை அழுத்திப் பெட்டியை அணைத்துவிடுவேன். இன்வெர்ட்டர் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் வீடு கட்டியபோது ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான் அந்த லைனை இழுத்தார்கள். டிவி பிளக் அதில் இருக்கவில்லை. போன வருஷம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றிக்கொண்டேன். பிறகும் கரண்ட் மாறும் நொடியில் பெட்டி அணைந்து எழுந்தது. இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச், அதை யூபிஎஸ் பக்கம் தள்ள வேண்டும் என்று அவர்தான் காட்டினார். சீரிஸ் எஸ் ஆடும்போது நூறு வாட்கூட இழுக்காது. பிஎஸ் 5 இருநூறைத் தொடும். பேட்டரியில் எதை ஓட்டலாம் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இவ்வளவு சொன்னதும் நண்பன், "அப்ப எக்ஸ்பாக்ஸ்தான்" என்று முடிவுகட்டிவிட்டான். இருடா என்றேன்.

பெட்டி பிடித்துப்போய் வாங்கலாம். ஆடப்போவது ஆட்டங்களைத்தானே? மாதச் சந்தா கட்டினால் நிறைய ஆட்டங்களை ஆட விடுகிற கேம் பாஸ் எக்ஸ்பாக்ஸின் பெரிய பலமாக இருந்தது. காசு கொடுத்து வாங்கவே மாட்டேன் என்கிற ஆட்டங்களை அதில்தான் தொட்டுப் பார்த்தேன். வெண்பா என்கிற ஆட்டம் அப்படித்தான் கிடைத்தது. 1988-ல் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேடு, அதை வைத்துச் சமைப்பதுதான் ஆட்டம். டொராண்டோவில் ஒரு சின்னக் குழு செய்தது. 2023 ஜூலை 31-ல் வெளியான அன்றே கேம் பாஸில் இருந்தது. அடுத்த வருஷம் பிரிட்டனின் பாஃப்டா விழாவில் அறிமுக ஆட்டத்துக்கான விருதும் வாங்கியது. பிஎஸ் 5-லும் உண்டுதான். ஆனால் தனியாகக் காசு கொடுத்து வாங்கியிருப்பேனா என்று கேட்டால் சத்தியமாகச் சொல்ல முடியாது.

முதல் சமையலே இட்லி. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று எப்படி அடுக்குவது என்பதில் நான் தடுமாறிக்கொண்டிருந்தேன். பின்னால் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கி, "கீழ்த்தட்டு இட்லிக்கு நேரா மேல்தட்டு இட்லி வந்தா ஆவி எப்படிடா ஏறும்? திருப்பி வை" என்றார். வைத்தேன். சரியாக வந்தது. நாலு வருஷத்தில் அம்மா இந்தப் பெட்டிகளைப் பற்றி நல்லவிதமாகப் பேசிய ஒரே நாள் அதுதான். அன்றைக்கும் ராத்திரி ஸ்விட்சை அணைத்துவிட்டார்.

ஆனால் சந்தா என்பது வாடகை வீடு. ஜிடிஏ 5 கேம் பாஸுக்கு எத்தனை முறை வந்தது, எத்தனை முறை கிளம்பிப் போனது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். 2025 அக்டோபரில் அமெரிக்காவில் கேம் பாஸின் மேல்படியான அல்டிமேட் சந்தா மாதம் 19.99 டாலரிலிருந்து 29.99-க்குத் தாவியது. நம்மூர் விலையும் சும்மா இருக்கவில்லை. நான் அன்றோடு கீழ்ப் படிக்கு இறங்கிவிட்டேன். சீரிஸ் எஸ்ஸில் இடமும் பெரிய வேதனை. 512 ஜிபி என்று அட்டையில் போட்டிருக்கும், நமக்குக் கிடைப்பது 364. ஃபோர்ஸா ஹொரைசன் 5 என்கிற கார் பந்தய ஆட்டம் மட்டுமே நூறு ஜிபிக்கு மேல். ஒன்றை வைக்க ஒன்றைத் தூக்க வேண்டும், ரயில் பெட்டியில் சாமான் வைக்கிற கதை. கூடுதல் இடம் வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த கார்டுதான் வாங்க வேண்டும். பிஎஸ் 5-க்குக் கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கிற வேகமான எம்.2 எஸ்எஸ்டி போதும், ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் நாமே மாட்டிவிடலாம்.

டிஸ்க் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பிஎஸ் 5-ன் பெரிய ஆட்டங்கள் புதிதாக வரும்போது 4,999 ரூபாய். கேட்டாலே வயிறு எரியும். ஆனால் டிஸ்க்கில் வாங்கி, மூன்று வாரத்தில் முடித்து, கூட வேலை பார்க்கிறவரிடம் தள்ளிவிட்டால் பாதிக்கு மேல் திரும்பி வரும். நான் வாங்கிய காட் ஆஃப் வார் ராக்னராக் டிஸ்க் எனக்குத் தெரிந்து ஐந்து வீடு பார்த்துவிட்டது. கடைசியாகத் தஞ்சாவூரில் இருந்தது.

அப்புறம் அந்த ஆட்டங்களே. பிஎஸ் 5-ன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு ஆஸ்ட்ரோ என்கிற குட்டி ரோபோவை மணலில் நடக்க விட்டால் விரலில் ஒரு மாதிரி, உலோகத்தில் நடந்தால் வேறு மாதிரி. வீட்டுக்கு யார் வந்தாலும் இதைத்தான் கையில் கொடுப்பேன். அன்சார்ட்டட் லாஸ்ட் லெகசி என்று 2017-ல் வந்த ஒன்று. கதை மேற்குத் தொடர்ச்சி மலையில், ஹொய்சாளர் கட்டிய கோயில்களில் விநாயகரின் தந்தத்தைத் தேடி நடக்கிறது. ஹொய்சாளர் திருச்சிக்காரர்களான எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். சமயபுரத்துக்குப் பக்கத்தில் கண்ணனூரில் தலைநகரே வைத்திருந்தார்கள், அவர்கள் கட்டிய போஜீஸ்வரர் கோயில் இன்னும் நிற்கிறது. ஆட்டத்தில் வருகிற கோயில்கள் நாம் பார்க்கிற கோயில்களைவிட பத்து மடங்கு பெரியவை, பூசாரியும் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. இருந்தாலும் ஜீப்பை நிறுத்திவிட்டுச் சிற்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எக்ஸ்பாக்ஸில் இது கிடையாது, வரும் அறிகுறியும் இல்லை.

எக்ஸ்பாக்ஸ் பக்கத்து ஆட்டங்களோ ஒவ்வொன்றாக பிஎஸ் 5 பக்கம் வந்துகொண்டிருக்கின்றன. ஃபோர்ஸா ஹொரைசன் 5, 2025 ஏப்ரலில் பிஎஸ் 5-க்கு வந்துவிட்டது. இந்தியானா ஜோன்ஸும் அதே மாதம். ஆகஸ்டில் கியர்ஸ் ஆஃப் வார். பதிலுக்கு சோனியின் ஹெல்டைவர்ஸ் 2 எக்ஸ்பாக்ஸுக்குப் போனது. ஃபோர்ஸாவுக்காகவே பெட்டி வாங்கிய என் தம்பிக்கு அந்தச் செய்தியை நான்தான் சொன்னேன். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை, ஏதோ நான்தான் விற்றுவிட்டு வந்த மாதிரி.

இன்னொரு கேம் பெட்டிக் கம்பெனியான நிண்டெண்டோவைப் பற்றியும் நண்பன் கேட்டான். நம் நாட்டில் அவர்களின் இப்போதைய பெட்டிகளுக்கு அதிகாரபூர்வமான கடை இல்லை. யாரோ கொண்டுவந்து விற்பதை வாங்கி, கெட்டுப்போனால் யாரிடம் போய் நிற்பது? 700 ரூபாய்க்காரரிடம்தான்.

ஆக, தினமும் கைக்கு வருவது சீரிஸ் எஸ். கோபம் வராமல் ஆட விடுகிறது. அதன்மேல் எனக்கு இருக்கிற பிரியம் பிஎஸ் 5 மேல் கிடையாது. ஆனால் ஆட்டங்களை நினைத்து நண்பனிடம் பிஎஸ் 5 வாங்கு என்று சொல்லிவிட்டேன், டிஸ்க் மாடலாகப் பார்த்து வாங்கு என்றும்.

"அப்ப உன் எக்ஸ்பாக்ஸை எனக்கு ஒரு விலை போட்டுக் கொடேன், அதையும் சேர்த்து வச்சுக்கறேன்" என்றான்.

"அதெல்லாம் கொடுக்கறதுக்கில்லை" என்றேன். முறைத்தான்.

வீட்டுக்கு வந்து பிஎஸ் 5 பிளக்குக்கு மேல் செல்லோடேப்பில் ஒரு காகிதம் ஒட்டினேன்: 'அணைக்க வேண்டாம்.' காலையில் காகிதம் ஒட்டியபடியே இருந்தது. ஸ்விட்ச் அணைந்திருந்தது. கேட்டதற்கு அம்மா, "ராத்திரி கண்ணாடி இல்லாம யாரு படிப்பா?" என்றார்.