சிவப்பில்லாத சிவப்பு விமானம்: 'எனிமி ஏஸ்' தொகுப்பு

அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனமான டிசி 2008இல் தன் 'ஷோகேஸ் பிரசென்ட்ஸ்' வரிசையில் வெளியிட்ட 'எனிமி ஏஸ்' தொகுப்பை முதன்முறை புரட்டியபோது எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. கதாநாயகனான, முதல் உலகப் போரின் ஜெர்மானிய விமானி ஹான்ஸ் ஃபான் ஹாமர் ஓட்டுவது செக்கச்செவேலென்று வண்ணம் பூசிய ஃபோக்கர் மூவிறக்கை விமானம். 500 பக்கங்களைத் தாண்டும் இந்தத் தொகுப்போ முழுக்க முழுக்கக் கறுப்பு வெள்ளையில் அச்சானது. சிவப்பு விமானத்திலிருந்து சிவப்பை எடுத்துவிட்டால் என்ன மிச்சமிருக்கும் என்ற கேள்வியோடுதான் படிக்கத் தொடங்கினேன். மிச்சமிருப்பது ஓவியர் ஜோ கியூபர்ட்டின் தூரிகை என்பது இரண்டு மூன்று கதைகளுக்குள்ளேயே விளங்கிவிட்டது.

ராபர்ட் கானிகர் எழுத, கியூபர்ட் வரைந்த ஃபான் ஹாமர் 1965இல் 'அவர் ஆர்மி அட் வார்' இதழில்தான் அறிமுகமானார். இரண்டாம் உலகப் போர் முடிந்து இருபது ஆண்டுகளே ஆகியிருந்த அந்தக் காலத்தில், அமெரிக்கப் போர்க் காமிக்ஸ்களில் ஜெர்மானியர் என்றாலே பெரும்பாலும் சுடப்பட்டு விழுவதற்கென்றே வந்து போகிறவர்கள். அவர்களில் ஒருவரை நாயகனாக்கி, கதையையும் அவர் வாயாலேயே சொல்லவைத்தது துணிச்சலான காரியம். 80 விமானங்களை வீழ்த்தியவராகக் கணக்கிடப்பட்டு, 1918 ஏப்ரல் 21 அன்று பிரான்ஸின் சோம் நதிப் பகுதியில் உயிரிழந்த நிஜ ஜெர்மானிய விமானி, 'ரெட் பேரன்' எனப்பட்ட மான்ஃப்ரெட் ஃபான் ரிச்ட்ஹோஃபனின் சாயல் ஃபான் ஹாமரிடம் வெளிப்படையாகவே தெரிகிறது: அதே பிரபுகுலம், அதே ரிட்மைஸ்டர் (குதிரைப்படைக் கேப்டன்) பதவி, அதே வேட்டைப் பழக்கம். ஆனால் ரிச்ட்ஹோஃபன் தன் வெற்றி ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளிக் கோப்பை செய்யச் சொன்னவர். வெள்ளித் தட்டுப்பாட்டால் அது 60 கோப்பைகளோடு நின்றது. கானிகர் அந்தப் பெருமிதத்தைவிட, அது தணிந்தபின் வரும் வெறுமையின் பக்கமே சாய்கிறார். தரையிறங்கிய ஃபான் ஹாமருக்குத் தன் படையினரோடு பேச்சில்லை; காட்டில் எதிர்ப்படும் ஒரு கறுப்பு ஓநாயே அவருக்குத் துணை.

வானச் சண்டையை வரைவதில் ஒரு சிக்கல் உண்டு. மரமோ சுவரோ இல்லாத வெளியில் எது மேல், எது கீழ், யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பதை வாசகருக்குப் புரியவைப்பது எளிதல்ல. கியூபர்ட் இதற்கு மேகங்களையும் புகையையும் பயன்படுத்துகிறார். எரிந்து விழும் விமானத்தின் கரும்புகை கட்டத்தின் உச்சியிலிருந்து அடிவரை இழுபடும்போது, விழும் திசையும் உயரமும் ஒரே கோட்டில் கண்ணுக்குப் புலப்பட்டுவிடுகின்றன. இறக்கைகளை இணைக்கும் கம்பிகளும் மரச்சட்டங்களும் அவசரக் கீற்றுகள்போல் தோன்றினாலும், இந்த விமானங்கள் துணியும் மரமும் சேர்த்துக் கட்டிய நொய்ந்த பொருள்கள் என்பதை மறக்கவிடுவதில்லை. பழைய நாலாந்தரக் காகிதத்தில், வண்ணப் புள்ளிகளுக்கு அடியில் அமிழ்ந்துகிடந்த இந்தக் கீற்றுகள் இங்கே தெளிவாக வெளிப்படுகின்றன. பாதி நிழலில் மறைந்திருக்கும் அந்த ஒடுங்கிய முகத்துக்கு வண்ணம் ஒருபோதும் தேவைப்பட்டதில்லை என்றுகூட இப்போது தோன்றுகிறது.

குறை கதைப் பக்கம்தான். பறத்தல், வீழ்த்துதல், 'கொலை இயந்திரம்' என்று முதுகுக்குப் பின்னால் பிறர் முணுமுணுத்தல், காடு, ஓநாய், வானமே எல்லோரையும் கொல்லும் எதிரி என்ற பல்லவி என ஒரே தடத்தில் கதைகள் திரும்பத் திரும்ப ஓடுகின்றன. இடைவெளி விட்டு இதழ் இதழாகப் படித்தவர்களுக்கு அது ராகத்தின் மெட்டாகத் தோன்றியிருக்கலாம். ஒரே மூச்சில் நான்கு கதைகளைப் படிப்பவருக்கு அலுப்பே எஞ்சும். படம் சொல்லி முடித்ததை வசனமும் மறுபடி சொல்வது வேறு எரிச்சல். தொகுப்பின் பிற்பகுதியில் வேறு ஓவியர்கள் பொறுப்பேற்கும்போது தரமும் இறங்குகிறது.

இயந்திரத் துல்லியத்தை எதிர்பார்ப்பவர்கள் 1955இல் ஐந்தே இதழ்களோடு நின்றுபோன ஈசி காமிக்ஸ் நிறுவனத்தின் விமானப் போர் இதழான 'ஏசஸ் ஹை'யில் ஜார்ஜ் எவன்ஸ் வரைந்த பக்கங்களைத் தேடிப் பார்க்கலாம். விமானங்களை நேசித்த ஒருவரின் கை அது. ஃபோக்கர் மூவிறக்கை 1917 ஆகஸ்டில்தான் போர்முனைக்கு வந்தது. அதன் பலம் வேகமல்ல, செங்குத்தாக ஏறுவதும் சட்டெனத் திரும்புவதும்தான். கானிகருக்கு இத்தகைய விவரங்களில் பெரிய நாட்டமில்லை. சுழலும் எஞ்சினிலிருந்து விமானியின் முகத்தில் ஆமணக்கெண்ணெய் தெறித்ததைப் போன்ற அன்றாட அவதிகளும் இங்கே குறைவு. இருப்பினும் ஒன்றை அவர் சரியாகப் பிடித்திருக்கிறார்: தீப்பற்றிய விமானத்திலிருந்து தப்ப வழியில்லை என்ற அச்சம். பிரிட்டிஷ் போர் விமானிகளுக்கு முதல் உலகப் போர் முடியும்வரை பாராசூட் வழங்கப்படவில்லை. ஜெர்மானியர்களுக்கும் 1918இல்தான் கிடைத்தது.

வாங்கத் தயங்குகிறவர்கள் ஷாட்சி என்ற நாய்க்குட்டி வரும் கதையை மட்டுமாவது படித்துப் பார்க்கலாம். யாரையும் அண்டவிடாத ஃபான் ஹாமர் அதை அதிர்ஷ்டத்தின் அடையாளமாக விமானத்திலேயே ஏற்றிக்கொண்டு போகிறார். நடுவானில் சண்டை மூண்டு விமானம் புரளும் அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. அதைப் பார்த்தபின் அடுத்த கதைக்குப் போக எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.