நிக்கான் டி600: வாங்கும் முன் ஷட்டரைப் பற்றிக் கேளுங்கள்

பழைய கேமரா வாங்க விசாரிப்பவர்கள், நிக்கான் டி600-இன் விலை அதற்கு அடுத்து வந்த டி610-இன் விலையைவிடக் குறைவாகச் சொல்லப்படுவதைக் கவனித்திருப்பார்கள். இரண்டிலும் அதே 24.3 மெகாபிக்சல், அதே 39 ஃபோகஸ் புள்ளிகள், எஸ்டி கார்டுக்கு அதே இரண்டு இடங்கள். பிறகு ஏன் இந்த வேறுபாடு என்றால், படம் எடுக்கும் கணத்தில் திறந்து மூடி ஒளியை உள்ளே விடும் ஷட்டர்தான் காரணம்.

2012 செப்டம்பரில் அறிமுகமான டி600, ஃபுல் ஃபிரேம் கேமராவை (ஒளியைப் பதியும் சென்சார் பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவுக்கு இருப்பது) ஆர்வலர்களின் கைக்கு எட்டும் விலைக்குக் கொண்டுவந்த மாடல்களுள் ஒன்று. இருண்டு போன பகுதிகளை ரா கோப்பில், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில், வெளிச்சமாக்கினாலும் படம் கெடுவதில்லை. படத்தின் தரத்தில் இன்றைக்கும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. எடுக்க எடுக்க, பெரும்பாலும் படத்தின் இடது மேல் மூலையில், சாம்பல் நிறப் பொட்டுகள் சேர்ந்துகொண்டே வந்தன. லென்ஸின் துவாரம் எஃப் 2.8 அளவுக்கு விரிந்திருக்கையில், சென்சாரின் மேலுள்ள கண்ணாடியில் ஒட்டிய துகளின் நிழல் பரவி மங்கிவிடுவதால், மண்டபத்துக்குள் திருமணம் எடுப்பவர் அதைக் காணாமலே இருந்துவிடலாம். நிலக்காட்சி எடுப்பவர் எஃப் 16-க்குக் குறுக்கியதும் அதே நிழல் கூர்மையாகி, தெளிந்த நீல வானத்தில் மிளகுத்தூள் தூவியதுபோல் வந்து நிற்கும். ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பொட்டாக அழிப்பது எத்தனை சலிப்பான வேலை என்பது அதைச் செய்தவர்களுக்கே தெரியும்.

லென்ஸ் கழற்றி மாட்டும் எந்தக் கேமராவிலும் தூசி சேரும், ஊதினால் போய்விடும். டி600-இலோ சுத்தம் செய்த பிறகும் பொட்டுகள் திரும்பி வந்தன. ஷட்டரிலிருந்து தெறிக்கும் எண்ணெய் என்றே பலர் கருதினார்கள். 2013 பிப்ரவரியில் நிக்கான் வெளியிட்ட அறிவிப்பு, ப்ளோயரால் ஊதிப் பார்க்கவும், போகாவிட்டால் சேவை மையத்தை அணுகவும் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் புதிய ஷட்டருடன் டி610 வந்துவிட்டது. முழு விலை கொடுத்து டி600 வாங்கியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! 2014 பிப்ரவரியில்தான், உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் ஷட்டரையும் தொடர்புடைய பாகங்களையும் இலவசமாக மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. அடுத்த மாதம் சீன அரசுத் தொலைக்காட்சி இதை நுகர்வோர் தின நிகழ்ச்சியில் எடுத்துக்காட்ட, அங்கே விற்பனை நிறுத்தப்பட்டது. பலமுறை பழுது பார்த்தும் பொட்டுகள் தொடர்ந்தால், புதிய டி600 அல்லது அதற்கு இணையான மாடல் தருவதாக நிறுவனம் சொன்னது அதன் பிறகுதான். நல்ல தீர்வுதான், ஆனால் கேமரா வெளிவந்து ஒன்றரை ஆண்டு கழிந்திருந்தது.

இன்று ஒரு டி600 உங்கள் கைக்கு வந்தால், எஃப் 16 வைத்து, ஃபோகஸை விலக்கி, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். பிறகு தொடர்ச்சியாக இருநூறு முந்நூறு படங்களை ஓடவிட்டு, அதே சுவரை மீண்டும் எடுத்து, இரண்டையும் முழு அளவில் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். முதல் படத்தில் நாலைந்து பொட்டுகள் இருந்தால் கவலை வேண்டாம், எண்ணிக்கை கூடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். விற்பவரிடம் பழுது பார்த்த ரசீதையும் கேளுங்கள். அதில் ஷட்டர் மாற்றப்பட்டதாக எழுதியிருந்தால் தயங்காமல் வாங்குவேன்; சென்சார் சுத்தம் செய்யப்பட்டது என்று மட்டும் இருந்தால், கூடுதல் பணம் கொடுத்து டி610-ஐயே வாங்குவேன்.