1968 கமேரோவுடன் 11 வருடங்கள்: எந்த வருடம், எந்த எஞ்சின்?

என் வீடு ஒஹாயோவில், சின்சினாட்டிக்குப் பக்கத்தில். இங்கிருந்து அரை மணி நேரத்தில் நார்வுட் வந்துவிடும். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் தொழிற்சாலை 1987-இல் மூடப்பட்டது. என் கார் பிறந்த இடம் அதுதான். 1968 செவர்லே கமேரோ, 327 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், 210 குதிரைத்திறன், இரண்டே கியர் கொண்ட பவர்கிளைட் ஆட்டோமேட்டிக். 11 வருடத்தில் 24,000 மைல் ஓட்டியிருக்கிறேன். நவம்பரில் சாலையில் உப்புத் தூவ ஆரம்பித்தால் ஷெட்டுக்குள் போகும், ஏப்ரலில் வெளியே வரும்.

கமேரோ வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எஞ்சினைப் பற்றித்தான். பெரிய 396 கன அங்குல எஞ்சின் தேடலாமா, பந்தயத்துக்காகச் செய்த இசட்/28 மாடல் கிடைக்குமா என்பார்கள். இவ்வளவு நாள் வைத்திருந்து ஓட்டியபின் எனக்குத் தோன்றுவது வேறு. முதலில் வருடத்தை முடிவு செய்யுங்கள். உங்கள் அன்றாடச் சிரமங்களை வருடம்தான் தீர்மானிக்கிறது.

முதல் தலைமுறை கமேரோ மொத்தம் மூன்று மாடல் வருடம்தான்: 1967, 1968, 1969. ஃபோர்டு மஸ்டாங்கின் விற்பனையைப் பார்த்து, 1966 செப்டம்பரில் செவர்லே இதைக் களத்தில் இறக்கியது. மூன்றுக்கும் 108 அங்குல வீல்பேஸ், ஒரே அடிப்படை அமைப்பு. ஆனால் பானட்டைத் திறந்து வேலை பார்க்க ஆரம்பித்தால் மூன்றும் வேறு வேறு கார் மாதிரி.

1967-ஐ அடையாளம் காண்பது சுலபம். கதவில் முன்பக்கம் ஒரு சின்ன முக்கோணக் கண்ணாடி இருக்கும். 1968-இல் அதை எடுத்துவிட்டு, டேஷ்போர்டு வழியாகக் காற்று வரும் அமைப்பைக் கொடுத்தார்கள். பார்க்க அழகுதான், ஆனால் ஏசி இல்லாத என் காரில் ஜூலை மாதம் சிக்னலில் நின்றால் அந்த முக்கோணக் கண்ணாடியின் அருமை தெரியும். இந்த ஒரு விஷயத்தில் 1967-க்கே என் ஓட்டு. 1968-இல் சட்டப்படி பக்கவாட்டு விளக்குகள் வந்தன. வண்டி எண் (பதிவு எண் அல்ல, தொழிற்சாலை கொடுக்கும் அடையாள எண்) தகடு கதவுத் தூணிலிருந்து டேஷ்போர்டுக்கு மேலே, வெளியிலிருந்தே படிக்கும்படி மாறியது. 1969-இல் முகம், பக்கத் தகடுகள் எல்லாம் புதிது: சக்கர வளைவுகளிலிருந்து பின்னோக்கி ஓடும் மடிப்புக் கோடுகள், ஸ்டீயரிங் தண்டுக்கு மாறிய சாவி. தலைசாய்ப்பான் கட்டாயமானதும் அந்த மாடலின் காலத்தில்தான். என் காரில் அது இல்லை. நான்கு மணி நேரம் ஓட்டினால் கழுத்து சொல்லும்.

கண்ணுக்குத் தெரியாத மாற்றங்கள்தான் முக்கியம். 1967-இல் பின்பக்கம் ஒற்றைப் பட்டை லீஃப் ஸ்பிரிங் (வளைந்த எஃகுப் பட்டை). சட்டென்று மிதித்தால் ஆக்ஸில் (பின் சக்கரங்களின் அச்சு) முறுக்கிக்கொண்டு துள்ளும் என்பது அந்தக் காலத்திலேயே பேசப்பட்ட விஷயம். 1968-இல் பின் ஷாக் அப்சார்பர்களில் ஒன்றை ஆக்ஸிலுக்கு முன்னும் மற்றொன்றைப் பின்னும் மாட்டினார்கள். பலம் கூடிய மாடல்களுக்குப் பல பட்டை ஸ்பிரிங்கும் வந்தது. என்னுடையது சாதாரண மாடல் என்பதால் இன்றும் ஒற்றைப் பட்டைதான். 210 குதிரைக்கு அது போதும்.

அப்புறம் 327-இன் உள்ளே நடந்த மாற்றம். 1967 வரை அதன் கிராங்க் தண்டு பேரிங்கில் சுழலும் இடத்தின் (மெயின் ஜர்னல்) விட்டம் 2.30 அங்குலம், 1968-இல் 2.45. நான்காம் வருடம் எஞ்சினின் கீழ்ப்பகுதியைப் பிரித்தபோது பேரிங் ஆர்டரில் "327" என்று மட்டும் எழுதியிருந்தேன். வந்தது பழைய அளவு. இரண்டு வாரம் கார் கட்டைகள் மேல் நின்றது. அன்றிலிருந்து எந்தப் பாகம் கேட்டாலும் வருடம்தான் முதல் சொல்.

1969-இல் தண்ணீர் பம்ப் நீளமானது, ஆல்டர்னேட்டர் ஓட்டுநர் பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது. பிராக்கெட்டுகளை மாட்டுவதற்காக ஹெட்டுகளின் (சிலிண்டர்களின் மேல்மூடி) முனையில் மரைத் துளைகளும் வந்தன. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், விற்றவர் "எஞ்சின் முழுக்க ஒரிஜினல்" என்று சொல்லித்தான் கொடுத்தார். ஒரு வருடம் கழித்து ஸ்பார்க் பிளக் மாற்றும்போது பார்த்தால், என் 1968 காரின் ஹெட்டில் அந்தத் துளைகள். பயணி பக்க ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடல்) ஒரு தட்டையான இடம் உண்டு. அங்கே பொறித்திருந்த எண் வண்டி எண்ணோடு ஒத்துப்போனது. பிளாக் இந்தக் காருடையது, ஹெட்டுகள் பின்னால் வந்தவை. மனசு கஷ்டப்பட்டது உண்மை. ஆனால் பிரித்துப் பார்த்த மெஷின் ஷாப்காரர், அவை 1970-களின் ஹெட்டுகள் என்றும் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகள் கடினப்படுத்தப்பட்டவை என்றும் சொன்னார். ஈயம் இல்லாத பெட்ரோலுக்கு ஏற்றவை. அதனால் மாற்றவில்லை, மாற்றவும் மாட்டேன்.

வண்டி எண்ணைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 12437 என்று தொடங்கினால் வி8 கூப்பே (நிலையான கூரை கொண்ட இரண்டு கதவுக் கார்), 12337 என்றால் ஆறு சிலிண்டர். அவ்வளவுதான் அது சொல்லும். 327-ஆ 396-ஆ என்று சொல்லாது. "எஸ்எஸ்" (சூப்பர் ஸ்போர்ட், பலம் கூடிய மாடல்) சின்னத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். சின்னத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

எஞ்சின்களுக்கு வருவோம். அடியில் 230, 250 கன அங்குல ஆறு சிலிண்டர்கள், 140, 155 குதிரைத்திறன். நடுவில் 327, இரட்டைப் பாரல் கார்பரேட்டரோடு 210, நான்கு பாரலோடு 275. எஸ்எஸ் மாடலுக்கு 295 குதிரைத்திறன் கொண்ட 350. செவர்லே இந்த 350-ஐ முதன்முதலில் வைத்தது 1967 கமேரோவில்தான். மேலே 396, அதில் 325-உம் 375-உம். 1969 நடுவில் அடிமட்ட வி8 இடத்தில் 327-ஐ எடுத்துவிட்டு 200 குதிரையில் 307 வைத்தார்கள். அதே வருடம் தனி ஆர்டர் வழியாக 427-உம் வந்தது. முழு அலுமினிய இசட்எல்1 எஞ்சின் ஏறியது 69 கார்களில் மட்டும். இந்தக் குதிரைத்திறன் எல்லாம் எஞ்சினைத் தனியாக ஸ்டாண்டில் வைத்து அளந்தவை. இன்றைய கார்களின் எண்ணோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

இசட்/28-இன் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். டிரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்தில் எஞ்சின் 305 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 327-இன் 4 அங்குல விட்டச் சிலிண்டருக்கு, 283 எஞ்சினின் 3 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் தூரம்) கிராங்கை வைத்தார்கள், கிடைத்தது 302. 1967-இல் விற்றது 602 கார்கள்தான். 1968, 1969 இரண்டு வருடமும் பென்ஸ்கே அணிக்காக மார்க் டானஹ்யூ ஓட்டிய கமேரோ டிரான்ஸ்-ஆம் பட்டத்தை செவர்லேவுக்கு வாங்கிக்கொடுத்தது. நண்பர் ஒருவரின் 1969 இசட்/28-ஐ ஒரு நாள் ஓட்டினேன். நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேலே அது வேறு ஜந்து. ஆனால் ஊருக்குள், பள்ளி விடும் நேரத்துப் போக்குவரத்தில், கிளட்சும் கியருமாகப் போராட வேண்டியிருந்தது.

என் 327 அங்கேதான் ஜெயிக்கிறது. 600 சுற்றில் நிதானமாக ஐடிலாகும், லேசாக மிதித்தாலே இழுக்கும். கம்ப்ரஷன் விகிதம் 8.75 என்பதால் சாதாரண 87 ஆக்டேன் போதும். 275 குதிரை மாடலின் கம்ப்ரஷன் 10, அதற்கு பிரீமியம் ஊற்றியாக வேண்டும். மைலேஜ் காலனுக்கு 14 மைல், அதாவது லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கூட வராது. நெடுஞ்சாலையில் மூன்றாவது கியர் இருந்தால் என்று ஏங்குவேன், அது பவர்கிளைட்டில் உள்ள உண்மையான குறை.

செய்த வேலைகளில் பெரியது பிரேக். நான்கு சக்கரமும் டிரம், அந்தக் காலத்தில் பெரும்பாலான கார்களில் அப்படித்தான். மழையில் ஒருமுறை வண்டி ஒருபக்கம் இழுத்தபோது மகள் உள்ளே இருந்தாள். அந்த மாதமே முன்பக்கம் டிஸ்க் போட்டேன். 1967, 68-இல் ஆப்ஷனாக வந்த டிஸ்க்குக்கு நான்கு பிஸ்டன் காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் கவ்வி). நான் போட்டது 1969 வகை ஒற்றைப் பிஸ்டன். பாகம் எளிதாகக் கிடைக்கிறது, கசிவும் இல்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை ஊறவைத்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் மாற்றினேன். எண்ணெய் துத்தநாகச் சேர்மானம் உள்ளதாகப் பார்த்து வாங்குகிறேன், இல்லாவிட்டால் வால்வுகளை இயக்கும் கேம் தண்டு தேய்ந்துவிடும்.

வாங்கப் போகிறவர்கள் டிக்கியின் பாயைத் தூக்கிப் பாருங்கள். பின்கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலைகளில் தண்ணீர் தேங்கித் துருப்பிடித்து, டிக்கிக்குள் சொட்டும். என் காரில் யாரோ அதைப் பட்டி வைத்து மறைத்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஆறாம் வருடம் கொப்புளம் கிளம்பியது, வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்ய 1,800 டாலர் ஆனது. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போய் அந்த மூலைகளில் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அங்கே தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது.

போன கோடையில் 350 எஸ்எஸ் 1969 ஒன்றைக் காட்டி, மேலே கொஞ்சம் பணம் போட்டு மாற்றிக்கொள்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன், நல்ல கார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னுடையதில் ஏறி வீட்டுக்கு வந்தேன். ஷெட்டில் இப்போது கதவு ரப்பர் ஒரு செட் இருக்கிறது, 1968 கூப்பேவுக்கானது என்று கேட்டு வாங்கியது. ஏப்ரலில் மாட்ட வேண்டும்.