கிளம்பும்போது கையோடு என்ன வரும்? மாஸ்டடான், ப்ளூஸ்கை: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

2019 நவம்பரில் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதை ஒட்டி, இந்தியாவிலிருந்து ஒரு கூட்டம் ட்விட்டர் போன்ற இன்னொரு சமூக வலைத்தளமான மாஸ்டடானுக்குக் குடிபெயர்ந்தது. 2022 இறுதியில் ட்விட்டர் கைமாறியபோது உலகெங்கிலுமிருந்து அதைவிடப் பெரிய கூட்டம் வந்தது. இரண்டு முறையும் பலர் வந்த வேகத்தில் திரும்பினார்கள். விளம்பரம் இல்லை, நேர வரிசையில் ஓடும் டைம்லைன் என்பதெல்லாம் முதல் வாரத்து மகிழ்ச்சிகள். ஆண்டுக்கணக்கில் தங்குபவர் பார்க்க வேண்டியது வேறு: நாளை இந்த இடம் பிடிக்காமல் போனால், அல்லது இடமே இல்லாமல் போனால், நம்மோடு என்ன வரும்?

மாஸ்டடான் ஒரே இடமல்ல, தனித்தனி ஆட்கள் நடத்தும் பல சர்வர்களின் இணைப்பு. அங்கே சர்வர் மாறுவதற்கு வழி இருக்கிறது, ஆனால் வரிசை தவறக் கூடாது. முதலில் புதிய சர்வரில் கணக்கு தொடங்கி, அமைப்புகளில் 'வேறு கணக்கிலிருந்து வருதல்' என்ற இடத்தில் பழைய முகவரியை மாற்றுப்பெயராகப் பதிய வேண்டும். பிறகுதான் பழைய கணக்குக்குள் போய், புதிய முகவரியையும் அந்தப் பழைய கணக்கின் கடவுச்சொல்லையும் கொடுத்து நகர்த்த வேண்டும். பழைய சர்வர் பின்தொடர்வோரின் சர்வர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பும். அவை ஒவ்வொன்றாகப் பழையதை விட்டுப் புதியதைப் பின்தொடரும். புதிய கணக்கில் 'பின்தொடர அனுமதி தேவை' என்று வைத்திருந்தால் அத்தனை பேரும் கோரிக்கையாக வரிசையில் நிற்பார்கள். நகரும் நாட்களுக்கு மட்டுமாவது அதை அணைத்து வைப்பது நல்லது. ஒருமுறை நகர்ந்தால் அடுத்த 30 நாட்களுக்கு மறுபடி நகர முடியாது.

நாம் பின்தொடர்பவர்கள், தடுத்தவர்கள், ஒலியடக்கியவர்கள், புக்மார்க்குகள், பட்டியல்கள் ஆகியவை தாமாக வராது. ஒவ்வொன்றையும் சி.எஸ்.வி. என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கிப் புதிய கணக்கில் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது 'சேர்' என்றும் 'மேலெழுது' என்றும் இரண்டு தேர்வுகள் இருக்கும். மேலெழுது என்று கொடுத்தால், புதிய கணக்கில் அதுவரை சேர்த்தவர்கள் போய்விடுவார்கள்.

பதிவுகள் வரவே வராது. எழுதியதெல்லாம் பழைய சர்வரிலேயே கிடக்கும். ஆவணத் தொகுப்பாக ஏழு நாட்களுக்கு ஒருமுறை இறக்கிக்கொள்ளலாம், ஆனால் அதைப் புதிய இடத்தில் ஏற்ற வழி இல்லை. மாஸ்டடானின் பெரிய குறை இதுதான். எழுத்தை முதன்மையாகக் கருதுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் உள்ளே வர வேண்டும்.

இன்னொரு பலவீனம், நகர்த்தும் வேலை பழைய சர்வர் உயிரோடு இருப்பதை நம்பியிருக்கிறது. அது ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் பின்தொடர்வோரை மீட்க முடியாது. 2024 பிப்ரவரியில் 'குயர் டாட் ஏஎஃப்' என்ற சர்வருக்கு நடந்ததைப் பாருங்கள். அந்த டொமைனின் (இணைய முகவரியின்) '.ஏஎஃப்' என்ற பின்னொட்டு ஆப்கானிஸ்தானுக்கு உரியது. தாலிபான் அரசு டொமைனை முடக்கியதும் அந்த முகவரியே செயலிழந்தது. ஆகவே சர்வரைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரின் அழகைப் பார்க்காமல் 'பற்றி' பக்கத்தைப் படியுங்கள். மாஸ்டடானின் சர்வர் உடன்படிக்கையில் சேர்ந்தவை தினசரி பேக்கப் எடுக்கவும், அவசரத்துக்கு இன்னொருவருக்கும் அணுகல் தரவும், மூடுவதானால் மூன்று மாதம் முன்பே சொல்லவும் ஒப்புக்கொண்டவை. எந்தெந்த சர்வர்களை அட்மின் (சர்வரை நடத்துபவர்) தடுத்திருக்கிறார் என்ற பட்டியலும் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே கிடைக்கும். அட்மின் ஒரு சர்வரைத் தடுத்தால் அங்குள்ள நண்பர்களின் தொடர்பு அறுந்துபோகும். மாஸ்டடான் மென்பொருளின் 4.3 பதிப்பிலிருந்து, யார் யார் அறுந்தார்கள் என்ற பட்டியலாவது கைக்கு வருகிறது.

ட்விட்டர் போன்ற இன்னொரு தளமான ப்ளூஸ்கை இதே சிக்கலை வேறு விதமாக அணுகுகிறது. அங்கே அடையாளம் சர்வரின் பெயரோடு ஒட்டியிருப்பதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் மாறாத ஓர் அடையாள எண் உண்டு. முகவரி அதன் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு மட்டுமே. சொந்த டொமைன் இருந்தால் அதையே முகவரியாக்கலாம்: டொமைனின் விவரங்களை வைத்திருக்கும் டிஎன்எஸ் அமைப்பில் டிஎக்ஸ்டி என்ற ஒரு சிறு உரைப்பதிவு சேர்த்து, அடையாள எண்ணை ஒட்டினால் போதும். டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் 'செல்லாத முகவரி' என்று காட்டும், ஆனால் பின்தொடர்வோர் எங்கும் போக மாட்டார்கள். பதிவுகளையும் வேறு தரவு சர்வருக்குக் கொண்டுபோகலாம். அமைப்புகளில் இறக்கும் தொகுப்பில் படங்கள் இருக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும்.

இவ்வளவும் இருந்தும், பெரும்பாலானோரின் தரவு ப்ளூஸ்கை என்ற ஒரே நிறுவனத்தின் சர்வர்களில்தான் இருக்கிறது. அடையாள எண்களின் பதிவேட்டைத் தொடங்கி நடத்தி வந்ததும் அதே நிறுவனம்தான். 2025 ஏப்ரலில் துருக்கி அரசின் கோரிக்கையால் சில கணக்குகள் அந்த நாட்டில் மறைக்கப்பட்டபோது, அதிகாரபூர்வ ஆப்பில் காணாமல் போனவை வேறு சில ஆப்களில் தெரிந்தன. பரவலாக்கம், அதாவது எல்லாம் ஒரே கையில் இல்லாமல் இருப்பது, எவ்வளவு தூரம் உண்மை, எங்கே நின்றுபோகிறது என்பது இரண்டும் அந்த ஒரு நிகழ்வில் தெரிந்தது.

தமிழில் எழுதுவோருக்கு ஒரு நல்ல செய்தி. 'நிலம்' என்பதை ட்விட்டர் (இப்போது எக்ஸ்) ஐந்து எழுத்தாக எண்ணும். கொக்கிக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று என்று தனித்தனியே கணக்கு. மாஸ்டடானிலும் ப்ளூஸ்கையிலும் அது மூன்றே எழுத்து, நம் பள்ளிக்கூடக் கணக்குப்படியே. மாஸ்டடானின் வழக்கமான வரம்பு 500, ப்ளூஸ்கையில் 300. தமிழுக்கு இரண்டுமே தாராளம்.

அந்தரங்கம் என்று நம்பி எதையும் இரண்டிலும் எழுதாதீர்கள். இரண்டின் தனிச்செய்திகளும் முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது) செய்யப்பட்டவை அல்ல. மாஸ்டடானில் தனிச்செய்தி என்பதே குறிப்பிட்டவருக்கு மட்டும் தெரியும் ஒரு பதிவுதான். பேச்சுக்கு நடுவே மூன்றாம் நபரின் முகவரியைக் குறிப்பிட்டால் அவருக்கும் அந்தச் செய்தி போய்ச் சேரும். மற்றவரைப் பற்றிக் குறைபேசும்போது பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். ப்ளூஸ்கையில் யாரை யார் தடுத்திருக்கிறார்கள் என்பதும் வெளிப்படையான தரவு. அழித்த பதிவுக்கும் உத்தரவாதம் இல்லை. அழிக்கச் சொல்லி மற்ற சர்வர்களுக்குக் கோரிக்கை போகும், கேட்பது அவற்றின் பொறுப்பு.

சொந்தமாக மாஸ்டடான் சர்வர் வைக்க விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டியது வட்டு இடம். நாம் ஒரு படம்கூடப் போடாவிட்டாலும், நாம் பின்தொடர்பவர்களின் படங்களும் காணொளிகளும் நம் சர்வரில் நகலாகச் சேரும். நிர்வாகப் பக்கத்தில் பிற சர்வர் ஊடகங்களை ஏழு நாளில் நீக்கும்படி வைத்தால் கட்டுக்குள் இருக்கும். டொமைனைத் தொடங்குமுன்பே யோசித்து முடிவு செய்யுங்கள், பிறகு பாதுகாப்பாக மாற்ற முடியாது. பேக்கப்பில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், பயனர் ஏற்றிய ஊடகக் கோப்புகள், ரகசியச் சாவிகள் உள்ள அமைப்புக் கோப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். செய்தி அந்தக் கணக்கிலிருந்தே வந்தது என்று மற்ற சர்வர்களுக்கு உறுதிசெய்யும் கையொப்பச் சாவிகள் தரவுத்தளத்துக்குள்தான் உள்ளன. அதை இழந்து அதே டொமைனில் புதிதாக நிறுவினால், பழைய சாவியை வைத்திருக்கும் மற்ற சர்வர்களோடு ஒத்துப்போகாமல் தகராறு வரும். பேக்கப்பை எடுத்து வைப்பதோடு நிறுத்தாமல், வேறொரு கணினியில் ஒருமுறை மீட்டுப் பார்த்துவிடுங்கள்.