அறுக்காமல், நசுக்காமல்: திசு ஒட்டுகளோடு மீயொலிக் கருவியின் மூன்று ஆண்டுகள்

கண்டிக்கு அருகிலுள்ள எங்கள் ஆய்வுகூடத்துக்கு இந்த மீயொலிக் கருவி 2021 இறுதியில் வந்தது. அதற்கு முன் வளர்ப்புக் குருத்தெலும்பின் விறைப்பை அறிய, அழுத்தும் இயந்திரத்தில் வைத்து நசுக்குவோம். ஆறு வாரம் ஊட்டநீர் மாற்றி மாற்றிப் பிள்ளைபோல் வளர்த்த ஒட்டு (உடலில் பொருத்துவதற்கான திசுத் துண்டு), ஓர் எண்ணைத் தந்துவிட்டுக் குப்பைக்குப் போய்விடும். அந்த வேதனை எனக்கு ஒருநாளும் பழகவில்லை.

மீயொலி என்பது, பாடசாலையில் கழியொலி என்று படித்தோமே, அதே ஒலிதான். கருவி ஒட்டுக்குள் மெல்லிய உந்தலைத் தருகிறது. அதனால் எழும் குறுக்கலை பக்கவாட்டில் ஓடுகிறது. அது எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ, திசு அவ்வளவு விறைப்பானது. வினாடிக்கு 1 மீட்டர் என்றால் விறைப்பு ஏறக்குறைய 3 கிலோபாஸ்கல்; 2 மீட்டர் என்றால் 12. வேகத்தின் வர்க்கம் என்பதால், வேகத்தில் நூற்றுக்குப் பத்து பிழைத்தால் விறைப்பில் ஏறக்குறைய இருபது பிழைக்கும்.

முதல் ஆண்டு என்னை அலைக்கழித்தது குளிர். ஜனவரி மாதத்தில் ஹட்டனிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கதவைத் திறந்தால், துண்டை அமிழ்த்தி அளக்கும் தொட்டியின் உப்புநீர் 20 பாகையில் இருக்கும். வளர்ப்புப் பெட்டியிலோ 37. நீரில் ஒலி 20 பாகையில் வினாடிக்கு 1482 மீட்டர் செல்கிறது; 37இல் ஏறக்குறைய 1524. எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்தே தடிப்பைக் கணக்கிடுவதால், ஒரே துண்டு காலையில் ஒரு தடிப்பும் மதியம் வேறு தடிப்பும் காட்டியது. தொட்டியைச் சூடாக்கி வெப்பநிலையைக் குறித்த பிறகே அளவுகள் ஒரு நிலைக்கு வந்தன.

இன்னொரு தொல்லை குமிழி. கடுகளவுகூட வேண்டாம், ஊசிமுனையளவு போதும்: திரையில் அதன் கீழே கருநிழல் விழுந்து பாதித் துண்டை மறைத்துவிடும். நீரைக் கொதிக்கவைத்து மூடி ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். துண்டைச் சரித்து, மெதுவாக இறக்குங்கள்.

மெல்லிய ஒட்டு வைத்திருப்பவர்களுக்கு: தடிப்பு குறுக்கலையின் அலைநீளத்தைவிடக் குறைந்தால், அலை தகட்டுக்குள் ஓடுவதுபோல் நடந்துகொள்ளும். வழக்கமான சூத்திரம் விறைப்பைக் குறைத்தே சொல்லும். அழுத்தும் இயந்திரத்தின் எண்ணையும் அலை தரும் எண்ணையும் ஒரே நிரலில் எழுதாதீர்கள். மெதுவாக அழுத்தும்போது குருத்தெலும்பிலிருந்து நீர் கசிந்து வெளியேறும். சில மில்லிவினாடிகளில் கடந்துவிடும் அலைக்கு அந்த அவகாசம் இல்லை.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. டீசலும் கிடைக்காததால் வளர்ப்புப் பெட்டி ஆறிப்போனது. ஒட்டுகள் முடிந்தன என்றே நினைத்தோம். மின்சாரம் வந்த நேரங்களில் அதே துண்டுகளை வாரம் ஒருமுறை அளந்தேன். சில இளகிப்போயின. சிலவற்றில் உயிரணுக்கள் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தைச் சேர்த்துக்கொண்டே போக, அலையின் வேகம் வாரத்துக்கு வாரம் ஏறியது. பழைய முறையில் எல்லாவற்றையும் நசுக்கியிருந்தால் எது மீண்டது என்று தெரிந்திருக்காது.

அழுத்தும் இயந்திரத்தை நாங்கள் அகற்றவில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் கடைசித் துண்டு ஒன்றை மட்டும் இன்னும் அதில் வைக்கிறோம்.